கம்போசிங் கத்துக்கிட்டேன்!

"சாயங்காலம் வீட்டுக்குப் போயி என்ன தம்பி பண்ணுவீக?" என்று ஒருநாள் கேட்டார் மெஷின்மேன் அண்ணாச்சி.

"கம்போசிங் கத்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் வழிந்தது. "அது செத்து எத்தனையோ வருசம் ஆச்சே தம்பி! டி.டி.பி. வந்ததுமே ஈய எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டுட்டோம். இப்பப் போயி உங்களுக்கு யாரு சொல்லித் தாரா?"

தப்பு என்னுடையதுதான். சிவகாசி அச்சாபீஸில் கணக்கு எழுதுகிற ஒருத்தன் 'கம்போசிங்' என்றால், எழுத்துக் கோர்ப்பது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் சொன்னது மியூசிக் கம்போசிங். அதிலும் எலெக்ட்ரானிக் மியூசிக். வீணை கிடையாது, வயலின் கிடையாது, பாட ஆள் கிடையாது. ஒரு பழைய லேப்டாப், ஒரு ஹெட்போன், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் ஆர்க்கெஸ்ட்ரா!

விளக்கிச் சொன்னேன். அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது.

"அட! எத்தனை பாட்டுப் போட்டிருக்கீக?"

"நாப்பத்தொண்ணு" என்றேன் பெருமையாக.

"எங்க, ஒண்ணைப் போடுங்க, கேப்பம்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நாற்பத்தொன்றில் முடிந்த பாட்டு ஒன்றுகூடக் கிடையாது!

எட்டு பார் வியாதி

எனக்கு ஊர் விருதுநகர். வேலை சிவகாசியில். ஆமத்தூர், திருத்தங்கல் என்று பஸ் நின்று நின்று போகும்போது, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் உலகத்து இசையெல்லாம் கேட்பேன். 'இதை நாமளே பண்ணினா என்ன?' என்று ஒருநாள் தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது சனி.

இந்த ஆசை வந்த எல்லோரும் செய்கிற அத்தனை முட்டாள்தனத்தையும் நான் வரிசை தப்பாமல் செய்தேன். முதலில் ஒரு மென்பொருளின் இலவச முன்னோட்டப் பதிப்பை இறக்கினேன். விடியவிடிய ஒரு மெட்டுப் போட்டு, சேமித்து, மூடினேன். மறுநாள் திறக்கவில்லை. சேமிக்கத்தான் இலவசமாம், திறக்கக் காசாம்! அடுத்து, செகண்ட் ஹாண்டில் சின்ன கீபோர்டு ஒன்று. அதற்கடுத்து, தபலாவிலிருந்து ஆப்பிரிக்க மேளம் வரைக்கும் 14 ஜி.பி. ஒலித் துணுக்குகள். அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்கவே மூன்று மாதம். பிறகு 'எப்படி மெட்டுப் போடுவது' என்ற வீடியோக்கள். ராத்திரி முழுக்க நீச்சல் வீடியோ பார்த்தவன் காலையில் கிணற்றில் குதித்த மாதிரி ஆயிற்று.

பாட்டு ஒன்றைத் தொடங்குவேன். எட்டு பார் அளவுக்கு அமர்க்களமாக வரும். ('பார்' என்றால் தாளத்தின் ஒரு சுற்று. வேறெதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.) அந்த எட்டையே நூறு தடவை சுற்றவிட்டுத் தலையாட்டுவேன். ஒன்பதாவது பாருக்கு என்ன செய்வது என்று தெரியாது. மறுநாள் அதே எட்டைக் கேட்டால் குமட்டும். புதுசாக ஒன்றைத் தொடங்குவேன். இப்படித்தான் நாற்பத்தொன்று!

அம்மா அவ்வப்போது எட்டிப் பார்த்து, "ஏய்யா, அந்தப் பொட்டியில ஊசி மாட்டிக்கிச்சா? அதையே படிச்சுக்கிட்டிருக்கே" என்பாள். இசை விமர்சனம் என்றால் அதுதான்.

பெட்டியா, பாட்டா?

'நல்ல கருவி இருந்தால் முடித்திருப்பேன்' என்பது எல்லாத் தொடக்கக்காரர்களும் சொல்லும் சமாதானம். நானும் சொன்னேன். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்ததில் அது எடுபடவில்லை.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒருவர் இருந்தார். இந்திப் படப் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த கலைஞர். ரோலண்ட் கம்பெனியின் டி.பி.303 என்ற பெட்டியை வாங்கினார். பக்கத்தில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காகச் செய்த சாதனம் அது. கிட்டார்காரர்கள் யாரும் சீந்தவில்லை, நாலு வருஷத்துக்குள் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெட்டியையும் ஒரு டிரம் மெஷினையும் ஒரு சிந்தசைஸரையும் வைத்து, 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார் சரண்ஜித். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1987-ல், அதே பெட்டியிலிருந்து சிகாகோ இளைஞர்கள் கிளப்பிய சத்தத்துக்கு 'ஆசிட் ஹவுஸ்' என்று பெயர் வைத்து உலகமே ஆடியது. 2010-ல் சரண்ஜித்தின் தட்டு மறுபடி வெளிவந்தபோதுதான், 'அடடே, இவர் அப்பவே பண்ணிட்டாரே!' என்று வாயைப் பிளந்தார்கள். 2015-ல் அவர் மறைந்தார்.

விலைபோகாத பெட்டிதான். ஆனால் பத்து பாட்டையும் முடித்திருந்தார். அதனால்தான் பின்னாளில் கண்டெடுக்க ஒரு தட்டு இருந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரை இசைக்குள் கொண்டுவந்தார். ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டூடியோவைக் கட்டினார். 1992-ல் 'ரோஜா'. நமக்கெல்லாம் ரோஜாதான் தெரியும். அதற்கு முன்னால் அவர் போட்ட விளம்பர ஜிங்கிள்களை யோசித்துப் பாருங்கள். சில நொடிகள் ஓடுகிற துண்டுப் பாட்டு. சொன்ன தேதிக்குக் கொடுத்தாக வேண்டும். 'ஒன்பதாவது பார் வரலை சார்' என்று சோப்புக் கம்பெனிக்காரரிடம் சொல்ல முடியாது!

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டும் நான் திருந்தவில்லை. திருத்தியது ஒரு பழைய இரும்பு வியாபாரி.

ஒன்பது நாள் கெடு

எங்கள் ஆபீஸில் ஆஃப்செட் மெஷின்கள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் மூலையில் ஒரு ட்ரெடில் மெஷின் உயிரோடு இருந்தது. பில் புக்குக்கு நம்பர் போட, கிழிக்கிற இடத்தில் பொத்தல் போட என்று அதற்கு வேலை இருந்தது. அதை ஓட்டியவர் அண்ணாச்சி. மெஷினுக்கு வயசு என்ன என்று கேட்டால், "எனக்கு மூத்தது" என்பார்.

போன பங்குனியில் முதலாளி அதைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். அடுத்த சனிக்கு அடுத்த சனி லாரி வரும். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் கேனை எடுத்து வழக்கம்போல எல்லா மூட்டுக்கும் எண்ணெய் விட்டார். இன்னும் ஒன்பது நாளில் எடைக்குப் போகிற மெஷினுக்கு!

என்னமோ தோன்றியது. "அண்ணாச்சி, நாப்பத்திரண்டாவது பாட்டு உங்க மெஷினை வச்சுத்தான். சனிக்கிழமை முடிச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

முதல் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷினை ஓட்டச் சொல்லி செல்போனில் பதிவு செய்தேன். போனைப் பக்கத்தில் வைத்ததில் சத்தம் வெடித்துக் கரகரத்தது. ஆறடி தள்ளி, வேஸ்ட் துணி மூட்டைமேல் வைத்ததும் தெளிவாக வந்தது. வீட்டுக்கு வந்து 'அடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் வெட்டினேன். சி.டி. தரம் என்பது ஒரு நொடிச் சத்தத்தை 44,100 துண்டாக்கி எண்களாக வைப்பது. எண்ணாகிவிட்டால் எதுவும் செய்யலாம். கணக்கு எழுதுகிறவனுக்குச் சொல்லியா தரவேண்டும்? வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். மெஷினின் 'டொம்'மை இப்படி இறக்கினேன். கோயில் முரசு மாதிரி ஆகிவிட்டது!

நாலு சத்தம் கிடைத்தன. அச்சு விழுகிற 'டொம்'. அண்ணாச்சி தாளை உருவுகிற 'சளக்'. ரோலர் இறங்கி ஏறுகிற 'சர்ர்'. மேலே மைத் தட்டு ஒரு பல் நகர்கிற 'டிக்'. பதினாலு ஜி.பி.யையும் மூடிவைத்தேன். இந்த நாலு போதும்.

இரண்டாம் நாள், தாளம். கம்ப்யூட்டருக்கு 'எல்.எம்.எம்.எஸ்.' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. லேப்டாப் இல்லாதவர்கள் போனிலேயே 'பேண்ட்லேப்' போட்டுக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது 'சீக்வென்சர்'. அது என்ன என்று சிவகாசிக்காரனுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: சரவெடி! ஒரே திரி. வரிசையாக வெடிகள். திரி எரிகிற வேகத்தில் ஒவ்வொன்றாக வெடிக்கும். (நிஜச் சரவெடியை 2018-ல் சுப்ரீம் கோர்ட் தடை செய்துவிட்டது. இந்தச் சரவெடிக்குத் தடையில்லை.)

ஒரு பாரில் பதினாறு கட்டம். 1, 5, 9, 13-ல் பெரிய முரசு. 5, 13-ல் கைதட்டல். 3, 7, 11, 15-ல் ஜால்ரா. இதை மட்டும் போட்டு ஓடவிடுங்கள். டிஸ்கோவின் மூலக்கஞ்சி தயார். திரியின் வேகம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை அடி என்பது உங்கள் இஷ்டம். நான் அண்ணாச்சியிடம் கேட்டேன்: "மணிக்கு எத்தனை தாள் ஓட்டுவீக?" "ஆயிரத்தி இருநூறு." அப்படியானால் தாளுக்கு 3 நொடி. நிமிஷத்துக்கு 80 அடி என்று வைத்தால், நாலு அடி கொண்ட ஒரு பார் சரியாக 3 நொடி! ஒரு தாள், ஒரு பார். முதல் கட்டத்தில் டொம், ஐந்தில் சளக், ஏழில் சர்ர், பதின்மூன்றில் டிக்.

மூன்றாம் நாள், மெட்டு. ராகம் தெரியாதே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. கீபோர்டில் கறுப்புக் கட்டைகளை மட்டும் தட்டுங்கள். மொத்தம் ஐந்தே ஸ்வரம். மூன்றாகச் சேர்ந்திருக்கும் கறுப்புக் கட்டைகளில் முதலாவதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அது நம்ம மோகனம். எப்படித் தட்டினாலும் காதைக் கடிக்காது. வடக்கே இதற்குப் பெயர் பூபாலி. சரண்ஜித் சிங்கின் பத்தில் அதுவும் ஒன்று.

நாலாம் நாள், அந்த மெட்டுக்குக் குரல். சிந்தசைஸரில் 'என்வலப்' என்று ஒன்று வரும். எங்கள் ஆபீஸில் என்வலப் என்றால் கல்யாணப் பத்திரிகைக் கவர். இங்கே அது ஒரு சத்தம் எப்படிப் பிறந்து, எப்படி நின்று, எப்படி மறைகிறது என்கிற ஜாதகம். லட்சுமி வெடி பிறந்த நொடியே உச்சிக்குப் போய் உடனே சாகும். புஸ்வாணம் மெதுவாக எழும்பி, நின்று, அடங்கும். கம்பி மத்தாப்பு கடைசி வரை ஒரே சீராக எரியும். ஒரே ஸ்வரத்தை இந்த மூன்று ஜாதகத்திலும் கேட்டுப் பாருங்கள், மூன்று வாத்தியம் மாதிரி இருக்கும். அடுத்து 'ஃபில்டர்'. பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் கதவைச் சாத்தினால் வெறும் 'தும் தும்' என்று கேட்கிறதே, அதுதான். கதவை எவ்வளவு திறப்பது என்பது உங்கள் கையிலுள்ள ஒரு குமிழ். நான் புஸ்வாணத்தைத் தேர்ந்தெடுத்து, கதவைப் பாதி சாத்தினேன்.

ஐந்தாம் நாள் எட்டு பார் தயார். ஒன்பதாவது பார்? மறுபடி அதே சுவர்!

இங்கே ஒரு சூட்சுமம் பிடிபட்டது. புதுசாக எதையும் சேர்க்காதீர்கள். இருக்கிற எட்டை அப்படியே நாலு தடவை நகலெடுத்து நீளமாகப் பரப்புங்கள். 32 பார், 96 நொடி. பிறகு அழிக்க ஆரம்பியுங்கள். முதல் எட்டில் டிக் மட்டும் இருக்கட்டும். இரண்டாவது எட்டில் டொம்மும் சளக்கும் வரட்டும். மூன்றாவதில் மெட்டு. நாலாவதில் எல்லாம் சேர்ந்து, ஒவ்வொன்றாக விலகட்டும். பாட்டு நீள்வது சேர்ப்பதால் அல்ல, காத்திருக்க வைப்பதால். இரண்டு வருஷமாக எனக்கு வராத ஒன்பதாவது பார், அழித்ததும் வந்துவிட்டது!

ஆறாம் நாள் சத்த அளவு. எங்கள் ஊர் வெடிக்கு, வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபல் என்று சட்டம் எல்லை போட்டிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் கணக்கு வேறு. இங்கே 0-தான் கூரை. எல்லாம் அதற்குக் கீழே மைனஸில்தான் இருக்க வேண்டும். தாண்டினால் தலை இடித்துக் கரகரக்கும். ஒன்று கேட்கவில்லை என்றால் அதை ஏற்றாதீர்கள், மற்றதை இறக்குங்கள். இன்னொன்று, புளூடூத் ஹெட்போன் வேண்டாம். தட்டினது காதுக்கு வந்து சேரத் தாமதமாகும். பழைய வயர் ஹெட்போன்தான் உத்தமம்.

ப்ரூஃப்

வெள்ளிக்கிழமை மதியம், ட்ரெடில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்த அண்ணாச்சி காதில் ஹெட்போனை மாட்டினேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை. 96 நொடி. ஹெட்போனைக் கழற்றினார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா ஓட்டினது நான் இல்ல."

"என்ன அண்ணாச்சி சொல்றீங்க? உங்க சத்தம்தான்!"

"சத்தம் என்னுதுதான். தாளை உருவுற சத்தம் ஒவ்வொரு தடவையும் டாண்ணு வந்து விழுதே... நான் அப்படி உருவ மாட்டேன். தாள் மையில ஒட்டும்ல? ஒரு இழுப்பு பிந்தித்தான் வரும். மெஷின் பிந்தாது தம்பி, கை பிந்தும்."

வாயடைத்துப் போனேன். கட்டத்துக்குக் கட்டம் துல்லியமாக நிறுத்தும் 'குவாண்டைஸ்' என்ற வசதியை நான்தான் போட்டிருந்தேன். அவருடைய கையை அதில் துடைத்து எடுத்துவிட்டேன்!

"இன்னொண்ணு. கட்டு மாத்துறப்ப கைப்பிடியை இழுத்து ஒரு வெறுஞ்சுத்து விடுவேன். எல்லாம் ஓடும், அச்சு மட்டும் விழாது. அது எங்க?"

அன்று ராத்திரி இரண்டே திருத்தம். எல்லா சளக்கையும் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு பின்னால் தள்ளினேன், ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே. அப்புறம் இருபத்துநாலாவது பாரில் டொம்மை எடுத்தேன். ஒரு வெறுஞ்சுத்து. அதற்கடுத்த டொம் விழுந்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. வெளிநாட்டு வீடியோவில் இதை ஆயிரம் டாலர் ரகசியம் போலச் சொல்வார்கள். அண்ணாச்சி இதை வாழ்நாள் முழுக்க சம்பளத்துக்குச் செய்திருக்கிறார்.

சனிக்கிழமை லாரி வந்தது. நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பி, உருளை வைத்து மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிமென்ட் தரையில் எண்ணெய்க் கறையும் நாலு போல்ட் குழியும் மட்டும் மிச்சம். அண்ணாச்சி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் ஹெட்போனை மாட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவது எட்டு பார் வந்ததும் ஒன்றைக் கவனித்தேன். அவர் இடது கை தானாக எழுந்து, காற்றில் எதையோ உருவி, பக்கத்தில் வைத்தது. மறுபடி உருவி, வைத்தது. மூன்று நொடிக்கு ஒரு தாள். ஒரு தாள்கூடத் தவறவில்லை. வெறுஞ்சுத்து வந்தபோது கை நின்றது. டொம் விழுந்ததும் மறுபடி கிளம்பியது.

இளைஞர்களே, ஆபீஸ் முடிந்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும் என் இனமே! கருவி அப்புறம் வாங்கலாம். ராகம் அப்புறம் படிக்கலாம். முடிக்க ஒரு தேதியும், கேட்க ஒரு ஆளும் முதலில் தேடிக்கொள்ளுங்கள். ஒன்றரை நிமிஷப் பாட்டு ஒன்று முடிந்துவிட்டால், அடுத்தது தானாக வரும். எனக்கு இப்போது நாலு முடிந்திருக்கிறது.

பாட்டு முடிந்து அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து, போகிற போக்கில் சொன்னார்:

"கம்போசிங் சுத்தமா இருக்கு தம்பி. இனிமே மெஷின்ல ஏத்தலாம்!"